சாயங்காலம் வரைக்குமான தீட்டு

நல்ல சமாரியன் உவமையைப் பேச எடுக்கிறவர்கள் பலரும் ஒரு விளக்கத்தைக் கையோடு கொண்டு வருகிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் ஏன் கண்டும் காணாமல் ஒதுங்கிப் போனார்கள்? தீட்டுக்குப் பயந்து. அவன் செத்திருந்தால்? பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு, கோயில் வேலை செய்ய முடியாது. ஆக, சடங்கா மனிதனா என்று வந்தபோது யூதம் சடங்கைப் பிடித்துக்கொண்டது, இயேசு மனிதனைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மட்டுமில்லை, விடுதலை இறையியல் வகுப்பிலும் முற்போக்கு மேடையிலும் இதே விளக்கம்தான் ஓடுகிறது. ரொம்ப வசதியான விளக்கம். லூக்காவின் பிரதியில் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

லூக்கா 10ஐத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கலாம். தீட்டு என்ற சொல்லோ அதன் சாயலோ அங்கே கிடையாது. ஆசாரியன் அந்த வழியாக இறங்கிப் போகிறான் என்கிறது பிரதி. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழி அது. அதாவது கோயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பிணத்தீட்டிலிருந்து விலகியிருக்க லேவியராகமம் 21 கட்டளையிடுவது ஆரோன் வம்ச ஆசாரியர்களுக்கு; லேவியனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா இன்னும் ஒரு படி மேலே போகிறது: எடுத்துப் போட நாதியில்லாத பிணத்தைக் கண்டால் பிரதான ஆசாரியனே ஆனாலும் தீட்டை ஏற்றுக்கொண்டு அடக்கம் செய்ய வேண்டும். சரி, அந்தச் சமாரியன்? அவனுக்கும் வேதம் மோசேயின் அதே ஐந்து புத்தகங்கள். பிணத்தைத் தொட்டால் அவனுக்கும் அதே ஏழு நாள். தீட்டே இல்லாத ஏதோ ஒரு தேசத்திலிருந்து அவன் கழுதையேறி வந்துவிடவில்லை. ஆசாரியன், லேவியன் என்று வரிசையாகச் சொன்னால் மூன்றாவதாக ‘இஸ்ரவேலன்’ என்று எதிர்பார்க்கிற காதுகளுக்கு முன்னால் பகையாளியான சமாரியனைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் கதையின் குத்தல் இருக்கிறது. தீட்டை உள்ளே நுழைத்தவர்கள் பின்னால் வந்த வாசகர்கள்.

ஏன் நுழைத்தார்கள் என்பதுதான் விஷயம். பண்டைய இஸ்ரவேலின் சுத்திகரிப்புச் சடங்குகளுக்குக் கிறித்தவம் கொடுத்த அர்த்தத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. உடம்புக்கு வந்து போகிற ஒரு நிலையை அது முதலில் பாவத்துக்கு உருவகமாக்கியது. பிறகு அந்த உருவகத்தை விட்டு வெளியேறத் தெரியாதவன் என்று யூதனைச் சொன்னது. தன் வீட்டுக்குள் மட்டும் தீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘இயேசு தீட்டை உடைத்தார்’ என்று கோஷம் போடுவதில் நமக்கு நட்டம் இருக்கிறது.

முதலில் லேவியராகமம் 11 முதல் 15 வரையும் எண்ணாகமம் 19உம் என்னதான் சொல்கின்றன என்று பார்ப்போம். பிணம், சில விலங்குகளின் செத்த உடல், தோலிலும் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூடப் படரும் ஒரு தடிப்பு (நம் வேதாகமம் இதைக் குஷ்டரோகம் என்று மொழிபெயர்த்து நோயாளிகளுக்குச் செய்த கேடு தனிக்கதை, சுவருக்குக் குஷ்டம் வருமா?), பிரசவம், மாதவிலக்கு, விந்து, உறுப்புகளிலிருந்து நிற்காமல் வடியும் ஒழுக்கு. தீட்டு வருகிற வழிகள் இவ்வளவுதான். பட்டியலை நிதானமாகப் பாருங்கள். ஒருவர் செய்த குற்றம் என்று இதில் எதைச் சொல்வது? பலுகிப் பெருகச் சொன்னது அதே கடவுள்தான். கூடினால் ஆணும் பெண்ணும் குளித்துவிட்டுச் சாயங்காலம் வரை தீட்டு. பெற்ற தகப்பனை அடக்கம் செய்யாமல் விட்டால்தான் பாவம். அடக்கம் செய்தால் ஏழு நாள் தீட்டு. செய்ய வேண்டியதைச் செய்ததால் வருகிற தீட்டு இது. வாழ்கிற உடம்பு எதுவும் இதிலிருந்து தப்ப முடியாது. ராஜாவுக்கும் வரும், ஆசாரியனுக்கும் வரும், கூலிக்காரிக்கும் வரும். குளித்தால், துணி துவைத்தால், பொழுது சாய்ந்தால் போய்விடும். பெரிய தீட்டு என்றால் ஏழு நாள், அப்புறம் ஒரு பலி. போகவர வழியுள்ள ஒரு நிலை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை அசுத்தமும் பேசப்படுகிறது. கொலை, விக்கிரக வழிபாடு, லேவியராகமம் 18 பட்டியலிடும் பாலியல் மீறல்கள். இவை தேசத்தையே தீட்டுப்படுத்தும், மண் தன் மேலிருப்பவர்களைக் கக்கிவிடும் என்கிறது பிரதி. இந்த அசுத்தம் தொட்டால் ஒட்டாது, எந்தத் தண்ணீராலும் போகாது. ஜோனதன் கிளாவன்ஸ் 2000இல் எழுதிய நூல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: ஒன்று சடங்கு சார்ந்தது, மற்றது ஒழுக்கம் சார்ந்தது. மாதவிலக்கான பெண் முதல் வகை. கொலைகாரன் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது பிற்கால வாசிப்பு. எசேக்கியேல் தீர்க்கதரிசி இஸ்ரவேலின் அக்கிரமத்தை மாதவிலக்குத் தீட்டோடு ஒப்பிடுகிற இடத்தில் அந்தக் கயிறு ஏற்கெனவே முறுக்கப்பட்டுவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு பெரிய துணை செய்திருக்கிறது. எபிரெயத்தில் ஹத்தாத் என்றொரு பலி. கிரேக்கம் வழியாக, லத்தீன் வழியாக, ஆங்கிலம் வழியாக அது ‘பாவத்துக்கான பலி’ ஆகி, தமிழில் பாவநிவாரணபலி என்று வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாளோ எண்பதாம் நாளோ கொண்டுவர வேண்டியதும் இதுதான். என்ன பாவம் செய்தாள் அவள்? யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தினார். லேவியராகமத்தின் முதல் 16 அதிகாரங்களுக்கு அவர் எழுதிய பெரிய உரை 1991இல் வந்தது. புதிதாகக் கட்டிய பலிபீடத்துக்கும் ஹத்தாத் செலுத்தப்படுகிறது. கல்லும் மரமும் என்ன பாவம் செய்யும்? விரதம் முடித்த நசரேயனும் செலுத்துகிறான். நல்லபடியாக விரதம் முடித்தது பாவமா? எனவே அதன் பொருள் சுத்திகரிப்புப் பலி என்றார் மில்க்ரோம். இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்தப் பலியின் ரத்தம் கொண்டுவந்த ஆள்மீது பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது. அவளுக்கு வந்த தீட்டு நாளானதும் குளித்ததும் போயாயிற்று. இப்போது கழுவப்படுவது கோயில். ஜனங்களின் வாழ்வும் சாவும் தூசி மாதிரி அங்கே போய்ப் படிகின்றன, அதை அவ்வப்போது துடைத்தாக வேண்டும். சிலுவை ரத்தம் பாவியின்மீது தெளிக்கப்படுவதாகப் பாடிப் பழகிய காதுக்கு இது விநோதமாகத்தான் படும்.

இதையெல்லாம் சொன்னதும் ‘ஆகா, என்னவொரு சமத்துவச் சட்டம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். ஆண்பிள்ளைக்கு ஏழும் முப்பத்து மூன்றுமாக நாற்பது நாள், பெண்பிள்ளைக்குப் பதினாலும் அறுபத்தாறுமாக எண்பது நாள். ஏன் இரட்டிப்பு என்று பிரதி வாய் திறப்பதில்லை. கண் தெரியாதவனும் கால் ஊனமானவனும் ஆரோன் வம்சமாகவே இருந்தாலும் பலிபீடத்தை அண்டக்கூடாது. தீட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் ஆசாரியன் கையில். ஹத்தாத் இறைச்சியும் பெரும்பாலும் ஆசாரியன் சாப்பாட்டுக்கு. ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவள் இரண்டு புறா கொண்டுவரலாம் என்ற சலுகையிலேயே வர்க்கம் தெரிகிறது. லூக்கா 2இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுபோவது அந்த ஏழைகளின் இரண்டு பறவைகளைத்தான். எஸ்றாவின் காலத்துக்கு வந்தால் ‘பரிசுத்த வித்து’ என்ற பேச்சு எழுந்து, புறஜாதிப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விரட்டுகிற அளவுக்குப் போகிறது. ரத்தத்தில் சுத்தம் தேடுகிற விதை அங்கே விழுந்திருக்கிறது. ஆனால் லேவியராகமத்தின் சடங்குத் தீட்டு பிறப்பால் வருவதில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் எல்லாம் தவறிப்போகும்.

மேரி டக்ளஸின் பாதை இங்கே கவனிக்கத்தக்கது. 1966இல் வந்த ‘தூய்மையும் அபாயமும்’ நூலில் அவர் இந்தியச் சாதியையும் லேவியராகமத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினார். தீட்டு என்பது ஒழுங்குக்குள் அடங்காத பொருள் என்ற அவருடைய வாதம் நம்மூர் அமைப்பியல் கட்டுரைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் எண்ணாகமத்தைப் பற்றி 1993லும் லேவியராகமத்தைப் பற்றி 1999லும் தனித்தனி நூல்கள் எழுதியபோது அவர் வேறு இடத்துக்கு நகர்ந்தார். உலகத்தில் மற்ற இடங்களில் தீட்டு ஆட்களைத் தரம் பிரிக்கப் பயன்படுகிறது; இந்தப் பிரதிகளில் அது அந்த வேலையைச் செய்யவில்லை, யாரும் நிரந்தரத் தீட்டாளராக வைக்கப்படவில்லை என்றார். பெயர்பெற்ற தன் நூலைத் தானே திருத்திக்கொண்ட அறிஞர்கள் குறைவு. நம்மூரில் டக்ளஸ் என்றால் இன்றைக்கும் 1966தான்.

கிறித்தவ அர்த்தம் எப்படி உருவானது என்பதற்குச் சிவப்புக் கிடாரி நல்ல உதாரணம். எண்ணாகமம் 19: பழுதில்லாத, நுகத்தடி ஏறாத சிவப்புப் பசு. பாளயத்துக்கு வெளியே கொன்று, கேதுரு மரம், ஈசோப்பு, சிவப்பு நூலோடு சேர்த்துச் சுட்டெரிக்க வேண்டும். சாம்பலைத் தண்ணீரில் கலந்து பிணத்தீட்டானவன்மேல் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளித்தால் அவன் சுத்தம். ஆனால் அந்தச் சாம்பலை அள்ளுகிறவனும், தண்ணீரைத் தெளிக்கிறவனும் சாயங்காலம் வரை தீட்டு. தீட்டானவனைச் சுத்தமாக்குவது சுத்தமானவனைத் தீட்டாக்குகிறது. ரபிகளுக்கே இது தலைவலி. யோகனான் பென் சக்காயிடம் ஒரு புறஜாதியான், ‘இது மாந்திரீகம் போல இல்லையா’ என்று கேட்டானாம். ‘உங்கள் ஊரில் பேய் பிடித்தவனுக்கு வேர் கொளுத்திப் புகை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறீர்களே, அது மாதிரிதான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். சீடர்கள் விடவில்லை: அவனைச் சமாளித்துவிட்டீர்கள், எங்களுக்கு என்ன பதில்? பிணம் தீட்டாக்குவதுமில்லை, தண்ணீர் சுத்தமாக்குவதுமில்லை. இது கட்டளை, காரணம் கேட்காதே என்றாராம். அர்த்தம் இல்லாமலே ஒரு சடங்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

கிறித்தவத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. எபிரெயருக்கு எழுதின நிருபம் அதே கிடாரிச் சாம்பலை எடுத்துக்கொள்கிறது: அது உடம்பைத்தான் சுத்தமாக்கும், கிறிஸ்துவின் ரத்தமோ மனசாட்சியைச் சுத்தமாக்கும் என்கிறது. பாளயத்துக்கு வெளியே எரிக்கப்படும் பலிமிருகங்கள் நகரவாசலுக்கு வெளியே பாடுபட்ட இயேசுவாகின்றன. இதில் ஒரு அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. கோயிலை விட்டு வெளியே, நிந்தையைச் சுமந்துகொண்டு, அவனிடம் போவோம் என்று அழைக்கிற குரல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நெருக்கமான குரல். ஆனால் பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபத்துக்கு வந்தால் தொனி மாறிவிடுகிறது. பசு இயேசு, மரம் சிலுவை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொருத்தம். நமக்கு எல்லாம் விளங்குகிறது, அவர்களுக்கு மட்டும் விளங்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் விஷம். சடங்கை நிழல் என்று சொன்னால், அதைச் செய்கிறவன் நிழலைக் கட்டிக்கொண்டு அழுகிற குருடன் ஆகிவிடுகிறான். பொருள் நம்முடையது, புத்தகம் அவனுடையது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே தள்ளு. முன்குறி வாசிப்பின் அரசியல் இதுதான். கி.பி. 70இல் ரோமர்கள் கோயிலை இடித்த பிறகு இந்த வாசிப்புக்கு எதிர்வாதம் சொல்லக் கோயிலும் இல்லாமல் போயிற்று.

அடுத்து மாற்கு 5, பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கு நின்றபாடில்லாத அந்தப் பெண். அவள் சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவள், கூட்டத்துக்குள் வந்ததே குற்றம், இயேசு தொடவிட்டதன் மூலம் தீட்டுச் சட்டத்தைத் தகர்த்தார் என்று விளக்கவுரைகள் எழுதித் தள்ளியிருக்கின்றன. மாற்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையிலிருந்த காசையெல்லாம் வைத்தியர்களிடம் தொலைத்தாள் என்கிறார். கூட்டத்தில் யாரும் ‘தீட்டு’ என்று கத்தவில்லை. அவள் வெளியே நடமாடக்கூடாது என்று லேவியராகமம் 15 சொல்லவுமில்லை. எமி-ஜில் லெவைன், பவுலா ஃபிரெட்ரிக்ஸன் போன்றவர்கள் 1990களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள். மாத்யூ தீஸன் 2020இல் வந்த நூலில் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்: சட்டம் தீட்டைப் பற்றி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது, இயேசு தீட்டின் ஊற்றையே அடைக்கிறார். ரத்தம் நிற்கிறது. செத்த பெண்குழந்தை எழுகிறாள். தோல்நோய் நீங்குகிறது. நீங்கினதும் இயேசு அந்த ஆளிடம் என்ன சொல்கிறார்? ஆசாரியனிடம் போய்க் காட்டி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்கிறார். மாற்கு முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. பவுலும் எருசலேமுக்கு வந்து, பொருத்தனை பண்ணின நாலு பேரோடு சுத்திகரித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போனதாக அப்போஸ்தலர் 21 சொல்கிறது. சட்டத்தை உடைத்தவர்கள் செய்கிற காரியமா இது?

வேடிக்கை என்னவென்றால், யூதத் தீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட இதே பெண்ணை வைத்துத்தான் கிறித்தவம் தன் தீட்டை நிறுவிக்கொண்டது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ் எழுதுகிறார்: மாதவிலக்கான பெண்கள் திருப்பந்தியை நெருங்கத் துணியமாட்டார்கள், அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்காரிகூட ஆண்டவரைத் தொடவில்லை, ஆடையின் ஓரத்தைத்தானே தொட்டாள்? எப்படிப்பட்ட வாசிப்பு பாருங்கள். கைநீட்டினவளின் கையை அளந்து பார்த்து, ஓரத்தோடு நிற்கச் சொல்கிற வாசிப்பு. போப் கிரகோரி 601இல் அனுப்பியதாக, 731இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில் உள்ள கடிதம் நேரெதிராகப் பேசுகிறது: அவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டது சரியென்றால் மாதவிலக்கான பெண் கோயிலுக்குள் வருவது எப்படித் தப்பாகும்? அதே பெண், அதே ஓரம், இரண்டு தீர்ப்பு. சிரியாவிலிருந்து வந்த மூன்றாம் நூற்றாண்டு நூலான திதஸ்காலியா இன்னும் சிக்கலானது. மாதவிலக்கு நாட்களில் ஜெபத்தையும் நற்கருணையையும் விட்டு விலகாதீர்கள் என்று அது பெண்களிடம் வாதாடுகிறது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் வாதத்தின் அடிப்படை, அந்தச் சட்டங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கின யூதருக்குத் தண்டனையாகக் கட்டப்பட்ட விலங்கு என்பது. அந்த நாட்களைக் கைக்கொண்டு வந்த பெண்கள் தமக்கென்று ஒரு வேதவாசிப்பு வைத்திருந்தவர்கள் என்று ஷார்லட் ஃபோன்ரோபர்ட் 2000இல் எழுதினார். பெண்ணை விடுவிப்பது போல ஆயர் பேசுகிறார். அவள் பேச்சை மட்டும் கேட்கவில்லை.

பிரசவத் தீட்டும் அப்படித்தான். மரியாளின் சுத்திகரிப்பு பிப்ரவரி 2ஆம் தேதித் திருநாளாக நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்பட்டது. 1969இல் கத்தோலிக்க நாட்காட்டி திருத்தப்பட்டபோதுதான் பெயர் ஆண்டவரின் காணிக்கைத் திருநாள் என்றானது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் வருஷத்துப் பொது ஜெபப்புத்தகத்தில் பிள்ளை பெற்றவளைக் கோயிலுக்குள் சேர்க்கிற சடங்குக்குப் பெயரே ‘பெண்களின் சுத்திகரிப்பு’. 1552இல் ‘நன்றி செலுத்துதல்’ என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது, அந்தச் சடங்கு முடிகிற மட்டும் வாசல் தாண்டக்கூடாது என்ற வழக்கம் கிராமங்களில் வெகுகாலம் நின்றது.

1449ஐ மறக்கக்கூடாது. ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: யூத வம்சத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நகரத்தில் பதவி வகிக்கக்கூடாது. போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே வருஷம் கண்டித்தார், உண்மை. ஆனாலும் ‘ரத்த சுத்தம்’ என்ற அந்தக் கோட்பாடு அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஸ்பெயினின் கல்லூரிகளுக்கும் துறவு சபைகளுக்கும் பரவியது. லேவியராகமத்தில் தண்ணீரும் சாயங்காலமும் போதும். தொலேதோவில் ஞானஸ்நானத் தண்ணீராலும் போகாத தீட்டு ஒன்று உருவாக்கப்பட்டது. யூதனைச் சடங்குப் பித்தன் என்று கேலி பேசிய மதம்தான் இதை உருவாக்கியது.

தமிழ் வேதாகமம் லேவியராகமத்தை மொழிபெயர்த்தபோது தீட்டு என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அகராதிப்படி பெரிய தப்பில்லை. நம்மிடமும் பிள்ளைத்தீட்டு, சாவுத்தீட்டு, மாதத்தீட்டு எல்லாம் நாள் கணக்குள்ளவை. நாளானால் தலைக்கு ஊற்றிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் அதே சொல்தான் நாள் கணக்கே இல்லாமல், குளித்தாலும் படித்தாலும் மதம் மாறினாலும் விடாமல், ஒரு ஜனத்தின்மேல் சாத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கேட்டு வளர்ந்த காதுக்கு லேவியராகமம் மனுதர்மம் மாதிரிக் கேட்கும். பரிசேயன் பார்ப்பான் மாதிரித் தெரிவான். தலித் இறையியல் பேசுகிற நண்பர்கள் இந்தச் சமன்பாட்டை நம்பி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. சமன்பாட்டில் இல்லை. பரிசேயர்கள் பரம்பரை ஆசாரியக் கூட்டமில்லை, கோயிலுக்கு வெளியே இயங்கியவர்கள். இது வெறும் வரலாற்றுத் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். இந்தச் சமன்பாட்டால் லாபம் யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. தீட்டு யூதனுடையது, இந்துவினுடையது, நம் ஆண்டவர் அதை எப்போதோ உடைத்துவிட்டார் என்று பீடத்திலிருந்து சொல்லிவிட்டால், பீடத்துக்குக் கீழே நடப்பதற்குச் சபை பதில் சொல்ல வேண்டியதில்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரைக்கும் போனவர்கள் கிறித்தவர்கள். ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த வரலாற்றை எழுதியிருக்கிறார். அந்தச் சுவரைக் கட்ட லேவியராகமம் தேவைப்படவில்லை.

கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நடுவில் சுவர் வைத்த கிறித்தவக் கல்லறைகள் தமிழ்நாட்டில் உண்டு. எண்ணாகமம் 19இன்படி எந்த மனிதனின் பிணத்தைத் தொட்டாலும் ஏழு நாள், அதே சாம்பல், அதே தண்ணீர். செத்தவன் யார் என்று அது கேட்பதில்லை. அந்தச் சட்டத்தை நிழல் என்று தள்ளிவிட்டதாகச் சொல்கிற சபையின் கல்லறையில் செத்தவன் யார் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் குழி வெட்டுகிறார்கள்.